சிவப்புச் சீட்டு ஒட்டிய நீலத் தொட்டி

அன்புள்ள சின்னுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், உடம்புக்கு ஏதாவது என்றால் இதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் போன் செய். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய், நான் போனை எடுத்தாலே உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், இதுவோ அவர் உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிய விஷயம். பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

நம் தெருவில் குப்பை எடுப்பது பழைய மாதிரி இல்லை. வீட்டுக்குச் சக்கரம் வைத்த தொட்டி இரண்டு கொடுத்திருக்கிறார்கள், சாம்பல் மூடி போட்டது சாதாரணக் குப்பைக்கு, அது வாரா வாரம் செவ்வாய்க்கிழமை, நீல மூடி போட்டது மறுசுழற்சிக்கு, அது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வியாழக்கிழமை. நீலத்தில் காகிதம், அட்டை, தகர டப்பா, புட்டி இவ்வளவுதான் போடலாம், புட்டியை அலசிப் போட வேண்டும், அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்க வேண்டும், எதையும் பையில் கட்டிப் போடக் கூடாது. காலை ஏழு மணிக்குள் தெரு ஓரத்தில் கைப்பிடி வீட்டைப் பார்த்த மாதிரி நிறுத்தி இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டால், லாரியிலிருந்து ஒரு இரும்புக் கை நீண்டு வந்து தொட்டியை அப்படியே அணைத்துத் தூக்கிக் கவிழ்த்துவிடும். உன் அப்பா இருபத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் இல்லையா, நேரத்துக்கு ஒரு வண்டி வருகிறது என்றால் சும்மா இருப்பாரா, ஆறரைக்கே உருட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வாசலில் நின்று லாரி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எனக்கு அறிக்கை கொடுப்பார்.

லாரிக்கு முன்னால் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் நடந்து வருவாள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து நீளமான இடுக்கியால் கிளறிப் பார்த்து, கூடாத பொருள் இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போவாள், அந்தத் தொட்டியை லாரி தொடாது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை நம் தொட்டியில் ஒட்டிவிட்டாள். அப்பா அன்று தொட்டியை நிறுத்திவிட்டு வந்து, தலை வலிக்கிறது என்று மறுபடியும் படுத்துவிட்டார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலில் நின்று பார்க்கிறாள், எனக்கு மானமே போன மாதிரி ஆகிவிட்டது, செருப்புகூடப் போடாமல் ஓடி, ‘எல்லாத்தையும் நானே அலசிப் போட்டிருக்கேன், எதுக்கும்மா ஒட்டினே’ என்று சண்டைக்கே போய்விட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. தரை துடைக்கிற மருந்து வாங்கிய பச்சைப் புட்டியை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் குலுக்கினாள், உள்ளே கலகலவென்றது. ‘மாத்திரைம்மா. இதுல போடக் கூடாது, மருந்துக்கடையில திருப்பிக் குடுக்கணும்’ என்றாள். அப்புறம் கிட்டே வந்து மெதுவாக, ‘பழைய மருந்தைக் கொட்டின மாதிரி தெரியலை. திறந்து பார்த்தேன், எல்லாம் எச்சில்ல ஊறிக் காஞ்சிருக்கு. வீட்ல யாரு மாத்திரை சாப்பிடறாங்கன்னு கொஞ்சம் பாருங்க’ என்றாள்.

புட்டியை வாங்கிக்கொண்டு வந்து சமையலறையில் ஒரு தாளை விரித்துக் கொட்டிப் பார்த்தேன், நடுவில் கோடு போட்ட அதே வெள்ளை மாத்திரை, அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை, நாற்பதுக்குக் குறையாது. தினமும் என் கண் முன்னாலேயே வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீர் குடித்துவிட்டு, நேராகக் குளியலறைக்குப் போய் வாளிக்குப் பின்னால் வைத்திருந்த புட்டியில் துப்பியிருக்கிறார், முந்தின நாள் அதைக் கொண்டுபோய்த் தொட்டியின் அடியில் தள்ளியிருக்கிறார். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். புட்டியைக் கட்டில்மேல் வைத்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு, ‘அதைப் போட்டா தலை சுத்துது, எழுந்தா கண்ணு இருட்டுது’ என்றார். டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். ‘டாக்டர்கிட்ட சொன்னா உனக்குத் தெரியும், உனக்குத் தெரிஞ்சா சின்னுவுக்குத் தெரியும், அவ மறுபடியும் வேலையை விட்டுட்டு வந்து நிப்பா’ என்றார். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தாயே, உனக்கு வரவேண்டிய பதவி வேறு யாருக்கோ போயிற்றே, அது அவர் மனதை விட்டுப் போகவே இல்லையாம். நான் திட்டுவதை விட்டுவிட்டு, சட்டையை எடுத்துக் கொடுத்து டாக்டரிடம் கிளம்பச் சொன்னேன்.

அந்தத் தையல்காரம்மாவே எங்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். அழுத்தம் பார்த்த டாக்டர், ‘இவ்வளவு ஏறியிருக்கு, நீங்க நடந்து வந்ததே பெரிசு’ என்று ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுக்க வைத்துவிட்டார். தலை சுற்றுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே வேறு மாத்திரை கொடுத்திருப்பாராம், எவ்வளவு எளிதான விஷயம் பார். இப்போது மாற்றிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது, அழுத்தம் இறங்கிவிட்டது, தலைச்சுற்றலும் இல்லை, காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு நான் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டுகிறார். மிச்ச மாத்திரைகளைத் தானே மருந்துக்கடையில் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த முறை நீலத் தொட்டி எடுக்கிற வியாழக்கிழமை அதற்குப் பக்கத்தில் காவல் மாதிரி நின்றார், சீட்டு ஒட்டியதற்குச் சண்டை போடப் போகிறார் என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவரோ அந்தப் பெண்ணிடம், ‘என் பொண்டாட்டி நாற்பது வருஷமா கூட இருந்தும் கண்டுபிடிக்கலை, நீ ஒரு குலுக்கல்ல கண்டுபிடிச்சிட்டியேம்மா’ என்று கை கூப்பினார். அவள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீ போன் செய்யும்போது இதைப் பற்றி மூச்சு விடாதே, லாரி நேரத்துக்கு வருகிறதா என்று மட்டும் கேள், அரை மணி நேரம் பேசுவார். வேளைக்குச் சாப்பிடு, ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்காதே. இன்னொன்று, நீயும் அவர் பெண்தான், எது நடந்தாலும் ‘நல்லா இருக்கேம்மா’ என்கிற ரகம். எனக்கு மட்டும் உள்ளதைச் சொல். நான் பதற மாட்டேன், ஓடி வர மாட்டேன், கேட்டுக்கொள்வேன், கேட்க ஆள் இருக்கிறது என்று நீ நினைத்தால் போதும். எடுத்த வேலையெல்லாம் கைகூடி, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும்.

பதிலைக் கடிதமாகவே எழுது, தபால்காரரிடம் நான்தான் வாங்குவேன்.

உன் அம்மா