சமையலறைத் தரையின் கோடு

மார்ச் 4
மச்சானோடு சண்டை. வேலை எடுத்த வீட்டுக் குளியலறையில் அவன் பதித்த டைல்ஸ் வரிசை நடுவில் வளைந்திருந்தது. "பேத்து எடுடா!" என்றேன். எடுத்துத் திரும்பப் பதித்தான். அப்போதும் வளைவு. நூல் கட்டிக் காட்டினான் — நூலும் வளைந்திருந்தது. இழுத்துக் கட்டிய நூல் எப்படி வளையும்?
"மாமா, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க."
இடது கண்ணில் மட்டும்தான் வளைவு.

மார்ச் 7
டாக்டரம்மா என் கண்ணுக்குள்ளே எடுத்த படத்தைக் காட்டினார். அடேயப்பா! செக்கச்செவேலென்று ஒரு தரை, அதில் கிளை கிளையாக ரத்தக் குழாய்கள், நடுவே ஆரஞ்சு நிற மேடு. ஆயுசெல்லாம் தரை போட்டவனுக்குள்ளேயே இப்படி ஒரு தரை! அடியில் உப்பினால் மேலே கோணும். அது எனக்குத் தெரியாதா?
"முன்னாடி உங்க குடல்ல எடுத்தோமே, நியூரோ எண்டோகிரைன் கட்டி, ஹார்மோன் சுரக்கிற புற்று, அதோட அணுக்கள்தான் ரத்தத்தோட இங்க வந்திருக்கு. மெதுவா வளர்ற வகை."
குடலிலிருந்து கண்ணுக்கா! அடிக்கடி என் முகம் சிவந்ததும் அதன் வேலைதானாம். என் மனைவி "புது மாப்பிள்ளைக்கு வெக்கத்தப் பாரு" என்று கேலி செய்துகொண்டிருந்தாள். இன்று அந்தப் படத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மார்ச் 12
ஸ்கேன். கையில் ஏற்றிய மருந்து அந்த அணுக்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. கல்லீரலில் இரண்டு புள்ளி, கண்ணில் ஒன்று, இருட்டில் மின்னின. யார் அதற்கு வழி சொன்னார்கள்?
"கண்ணு போயிடுமா?" என்று கேட்டேன்.
"முழுசா ஒழிக்க முடியாது, அடக்கலாம். கண்ணக் காப்பாத்திடலாம்னுதான் நெனைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

மார்ச் 13
பயமா இருக்கு. கண்ணு போனா நான் என்ன வேலை செய்வேன்?

ஏப்ரல் 9
கண்ணுக்குக் கதிர்வீச்சு வைக்கிறார்கள். சூடில்லை, வலியில்லை, ஒன்றுமே தெரியவில்லை. இதுவா வேலை செய்யப் போகிறது?

மே 20
தினமும் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சமையலறைத் தரையைப் பார்க்கிறேன். வளைவுதான். "இன்னைக்கு எப்படி?" என்கிறாள். எரிந்து விழுந்தேன். பாவம்.

ஜூலை 28
கோடு நூல் பிடித்த மாதிரி நேர்! கத்திவிட்டேன். அப்புறம் பார்த்தால், ஜன்னலோரம் நாலாவது டைல்ஸ் மட்டும் மயிரிழை விலகித் தெரிந்தது. போச்சுடா, இன்னும் மிச்சமிருக்கு என்று உட்கார்ந்துவிட்டேன்.
மச்சான் வந்து நூல் கட்டினான். விழுந்து விழுந்து சிரித்தான்.
"மாமா, அது நெஜமாவே கோணல். இந்த வீடு கட்டினப்ப நீங்க பதிச்சது!"
இத்தனை வருடம் இரண்டு நல்ல கண்ணுக்கும் தெரியாத மயிரிழை, இப்போது இந்த இடது கண்ணுக்குத் தெரிகிறது! அழுதேன், வெட்கமே இல்லாமல்.
"பேத்து நேராக்கிடட்டுமா?" என்றான்.
"தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்" என்றேன்.