வெள்ளைக்கண்ணிகள் அடைந்த புதர்

டேமார் ஆற்றங்கரை, டாஸ்மேனியா
மார்ச் கடைசி ஞாயிறு

அன்புள்ள டெரன்ஸ்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுரங்கத்தில் இன்னும் வெயில் தணியவில்லை என்று எழுதியிருந்தாய். தண்ணீர் நிறையக் குடி. அம்மா இப்போது கோலை ஊன்றி நடக்கிறாள். பர்னி ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே கிடந்த இரவுகளில், நீ போனில் சொன்னதை நினைத்துத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். "நீ அம்மாவைப் பாரு. உன் குருவிங்கள நான் பாத்துக்கறேன்" என்றாய்.

வியாழக்கிழமை வீடு திரும்பினேன். நீ அதற்குள் சுரங்க வேலைக்கு விமானம் ஏறியிருந்தாய். ஓடைப்பக்கம் போனால் வெள்ளைக்கண்ணிகள் அடையும் புதர்க்காட்டையே காணோம். புல்டோசர் ஓடிய தடம், பிடுங்கிப் போட்ட வேர்கள், பாதி எரிந்த குவியல்.

பக்கத்துத் தோட்டத்து லாயிட்தான் செய்திருப்பான் என்று நேரே போய்க் கத்தினேன். அவன் திராட்சைக் கூடையைக் கீழே வைத்தான். "என்கிட்ட ஏன் கத்துற, க்ளெனிஸ்? உன் புருஷன்தானே கூட்டிட்டுப் போய்க் காட்டினான்? இல்லன்னா மொத்தக் குருவிக் கூட்டமும் அங்கதான் அடையுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க நிலம், அவன் சரின்னான், வெட்டினேன்" என்றான். அவன் மனைவி வெண்டி வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். "'இனிமேலாவது அவ வீட்டுல இருப்பா'ன்னு சொல்லி டெரன்ஸ் சிரிச்சாரும்மா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாள்.

அந்த இடம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என்னோடு பறவைகளின் காலில் அடையாள வளையம் போடுகிறவர்களிடம்கூட நான் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் உன்னை அங்கே அழைத்துப் போனேன். ஒரே கிளையில் தோளோடு தோள் நெருக்கி, ஒரு பஞ்சுப்பொதி மாதிரி அவை உறங்கியதைப் பார்த்து நீ மூச்சுவிடக்கூடப் பயந்தாய்.

லாயிட்டின் நஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. வெள்ளைக்கண்ணி ஒரு பழத்தைக் கொத்தினால் குலையே அழுகும். ஆனால் வசந்தத்தில் அவன் கொடியிலிருக்கும் புழுக்களைத் தின்பதும் அதுதான். குளிர்காலத்துக்கு முன் இந்தச் சில வாரம் வயிறு நிறையத் தின்று கொழுத்தால்தான் அது இருட்டில் கடலைத் தாண்டி வடக்கே போக முடியும்.

அன்று மாலையும் கூட்டம் வந்தது. வெறும் மண்ணுக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. இறங்க இடமில்லாமல் கடைசியில் திராட்சைக் கொடிகளுக்குள் புகுந்தது. அங்கே பழத்துக்குக் காவலாக லாயிட் விரித்திருந்த பெரிய கண்ணி வலையில் சிக்கிக்கொண்டது.

விடிந்ததும் வெண்டியும் நானும் அவளுடைய தையல் கத்தரிக்கோலால் வலையை அறுத்து ஒவ்வொன்றாக எடுத்தோம். பாதிக்கு மேல் உயிரில்லை. உயிரோடு இருந்த ஒன்றின் காலில் நான் போட்ட வளையம்! ஒரு கடிதத்தின் எடைகூட இல்லாத உயிர், வருஷாவருஷம் குளிருக்கு வடக்கே குவீன்ஸ்லாந்து வரை போய் இதே ஓடைக்குத் திரும்பியிருக்கிறது. விலாவின் செம்பழுப்பு இறகு பிய்ந்திருந்தது. என் விரலை நறுக்கென்று கடித்துவிட்டுப் பறந்தது. செத்தவற்றுக்கு வெண்டி குழி தோண்டினாள். லாயிட் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அந்த வலையை அவனே கழற்றினான். நேற்று தெற்குக் காற்று எழுந்தது, மிச்சமிருந்தவை கிளம்பிவிட்டன. எத்தனை கரைசேருமோ.

லாயிட் கேட்டதற்கு ஏன் தலையாட்டினாய் என்று கேட்கமாட்டேன். கூடக் குடிப்பவனிடம் முடியாது என்று சொல்ல உனக்கு வராது. ஆனால் நான் எந்நேரமும் ஓடைக்கரையிலேயே கிடப்பது உனக்கு வலித்திருந்தால், சாப்பாட்டு மேசையில் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன், ஆனால் கேட்டிருப்பேன். என்னிடம் சொல்லவேண்டியதை நீ அடுத்த வீட்டுக்காரனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

கம்பளிக் காலுறையும் ஓட்ஸ் பிஸ்கட்டும் தனியாக அனுப்பியிருக்கிறேன். முதுகைப் பார்த்துக்கொள், கனம் தூக்காதே.

விடுமுறைக்கு வரும்போது வண்டியை வாசல்வரை கொண்டுவராதே. பாலத்திலேயே இறங்கிக்கொள். பொழுது சாயும் நேரத்தில் ஓடையோரமாக, அந்தப் புதர் இருந்த இடத்தைத் தாண்டித் தனியாக நடந்து வா. வந்து கதவைத் தட்டு. திறக்கிறேன்.

இப்படிக்கு,
க்ளெனிஸ்