வார்டு முழுக்க உப்பில்லாக் கஞ்சி

கோயம்புத்தூர்

ஜெஸ்வின் அப்பாவுக்கு,

மாதா தயவில் சுகமாக இருக்கிறேன். உப்பளத்தில் வெடித்த உங்கள் குதிகால் ஆறிவிட்டதா? இதைப் போனில் சொன்னால் சிரித்தே மானத்தை வாங்குவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான். உணவுக் கட்டுப்பாடு என்ற இடத்தில் எல்லா நோயாளிக்கும் ‘என்ஏ’ என்று இருந்தது. ரத்தப் பரிசோதனையில் அது உப்பைக் குறிக்கும். உப்புக்குத்தான் கட்டுப்பாடு என்று நினைத்து, வார்டு முழுக்க உப்பில்லாக் கஞ்சி கொடுக்கச் சொல்லிவிட்டேன்! ‘நாட் அப்ளிகபிள்’, அதாவது கட்டுப்பாடே இல்லை என்று அர்த்தமாம்.

சின்ன நர்ஸ்கள் சிரித்தார்கள். சூப்பரிண்டெண்ட் மேடம், “கம்ப்யூட்டர் இல்லாத துணி ரூமுக்கு மாத்திடவா சிஸ்டர்?” என்றார்.

“வேணாங்க மேடம், கத்துக்கறேன்” என்றேன்.

லிடியா என்ற சின்ன நர்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “தப்பு எங்க மேலயும்தான்கா. இனிமே முழுசா எழுதறோம்.” அவள் எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறாள், குழந்தைகளுக்கு நரம்பு தேடி ஊசி போட நான் அவளுக்குக் காட்டுகிறேன். முழுதாகப் பழகாமல் ஊருக்கு வரமாட்டேன்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. கம்ப்யூட்டர் எழுத்தைப் படிக்க என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். நம் மரக்காணத்து உப்பும் ஒரு படி. வார்டுக்கு இல்லை, எனக்கு. தனியாகச் சாப்பிடும் சோற்றில் எவ்வளவு போட்டாலும் உப்பு பற்றவில்லை.

சூசைமேரி