காதுக்குக் கீழே நான்கு தடங்கள்

மார்ச் 3, திங்கள்

காதுக்குக் கீழே நான்கு தடங்கள். முதலில் கண்ணில் பட்டது அதுதான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலமும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறம், ஒன்றின் கீழ் ஒன்றாக. கழுத்தின் மறுபக்கம் இன்னொன்று, கொஞ்சம் அகலமாக. கன்ன எலும்பின் மேல் மை கொட்டித் துடைத்ததுபோல் ஒரு திட்டு.

என்னவாக இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு வேலையைப் பார்த்தேன்.

சாம்பல் நிற ஸ்கார்ஃப் சுற்றிய ஓர் அக்கா காலையில் வந்து, தன் போனிலிருந்து கடை போனுக்கு அனுப்பிய படங்கள். "பிரிண்ட் போட்டு வைங்க, வந்து வாங்கிக்கறேன்" என்று மட்டும் சொன்னார். நான் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் இருப்பதால் அவர் முதுகுதான் தெரிந்தது. மூன்று படமும் அவருடைய முகம்தான்: நேராக ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. ஏதோ விண்ணப்பத்துக்காக இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் போட்டோக் கடையில் கேட்காவிட்டாலும் முகத்தைச் சுத்தம் செய்துதான் பிரிண்ட் போடுவோம்.

பக்கத்தில் இருக்கும் நல்ல தோலைக் கொஞ்சம் எடுத்து, தடத்தின் மேல் வைத்து, ஓரத்தைக் கரைக்க வேண்டும். சேர்ந்த புதிதில் நான் செய்ததெல்லாம் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தெரியும். கடை முதலாளியை எல்லாரும் அண்ணா என்பதால் நானும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். போன வாரம் அவர் ஒரு வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னார்: "பருவை எடுக்கச் சொன்னா கன்னத்தையே எடுத்துட்டியே! இது ஆளா, பீங்கான் பொம்மையா?" எல்லாரும் சிரித்தார்கள். நான் மேசைக்கு அடியில் விழாத பேனாவைத் தேடினேன்.

இன்று அப்படி இல்லை. தடம் இருந்த இடமே தெரியவில்லை. தோலின் சின்னச் சின்னத் துளைகள்கூட அப்படியே இருந்தன. அண்ணா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தேறிட்டே" என்றார்.

வழக்கம்போல் அதே பெயரில், பழைய படத்தின் மேலேயே சேமித்தேன். கம்ப்யூட்டரில் இடம் இல்லை, இதுதான் கடையின் ஏற்பாடு. போனில் வந்ததையும் அண்ணா கடை சாத்தும்போது அழித்துவிடுவார்.

அம்மாவிடம் சொன்னேன். சலவைக் கடையில் நின்று நின்று கால் வீங்கிப் போய் உட்கார்ந்திருந்தாள். "நான் துணியில கறை எடுக்கறேன், நீ மூஞ்சியில எடுக்கறே. நல்ல குடும்பம்டி" என்று சிரித்தாள்.

மார்ச் 8, சனி

ஸ்கார்ஃப் அக்காவின் கவர் இன்னும் அலமாரியில் இருக்கிறது. வாங்க வரவில்லை.

மார்ச் 15, சனி

எப்படி எழுதுவது?

இன்று வந்தார். அண்ணா கவரை எடுத்துக் கொடுத்துவிட்டு என்னைக் காட்டினார். "நம்ம பொண்ணு கைவேலைங்க. கண்ணாடி மாதிரி ஆக்கிட்டா பாருங்க."

அக்கா மூன்று படத்தையும் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். கவருக்குள் விரலை விட்டு வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்.

"எங்கே போச்சு?"

"எது?"

"இங்க இருந்தது. கழுத்துல." குரல் ஏறவே இல்லை. "அதுக்காகத்தாங்க படமே எடுத்தேன்."

அண்ணாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். அவர் வீட்டுக்காரர் அடித்தது. புகார் கொடுக்கப் போக வேண்டும், காட்ட ஏதாவது வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆள் தினமும் அக்காவின் போனை வாங்கிப் பார்ப்பாராம். அதனால் எங்களுக்கு அனுப்பியவுடன் அக்கா தன் போனில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார், குப்பையில் இருந்ததையும் சேர்த்து. அதற்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வர முடிந்தது இன்றைக்குத்தான்.

ஸ்கார்ஃபை இறக்கிக் காட்டினார். கழுத்தில் ஒன்றும் இல்லை. ஆறிவிட்டது. நான் அழித்ததுபோலவே, சுத்தமாக.

"பழைய படம் இருக்கும்ல?"

அண்ணா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்புறம் அக்கா தடுப்பைத் தாண்டி என்னிடம் வந்தார். "நீதானேம்மா பார்த்தே? கூட வந்து சொல்றியா? இப்படி இப்படி இருந்துச்சு, நான்தான் தெரியாம எடுத்துட்டேன்னு. ஒரு வார்த்தை போதும்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் அடைத்துக்கொள்ளுமே, அதே மாதிரி. அதற்குப் பயந்துதானே ஒரு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, பிறகு போகவே இல்லை. தலையாவது ஆட்டியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

"சின்னப் பொண்ணுங்க அவ. வம்புல மாட்டி விட்டுடாதீங்க" என்றார் அண்ணா. அக்கா படங்களைக் கவருக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து என் கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். காதுக்குக் கீழே நான்கு விரல். அந்தப் பக்கம் கட்டைவிரல். இதைப் பார்த்துமா எனக்குப் புரியவில்லை? புரிந்திருந்தும்—

தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

கடை விடுமுறை. அண்ணா சாவி கொடுத்தார். அழிந்த படங்களை மீட்கும் மென்பொருள் ஒன்றை இறக்கிக் காலையிலிருந்து ஓடவிட்டேன். யார் யாரோ கிடைத்தார்கள். எப்போதோ எடுத்த குழந்தைகள், மாப்பிள்ளைகள், பல் தெரியச் சிரிக்கும் ஒரு கிழவர். அக்காவின் படம் ஒன்று மட்டும் கிடைத்தது, பாதி. முடி, நெற்றி, இரண்டு கண். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

அந்தக் கண்களை அன்றைக்கு நான் பார்க்கவே இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டு நாளாகச் சாப்பிடாததால் அம்மா பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன்.

"வேணும்னா செஞ்சே? கறைன்னு நினைச்சே, எடுத்தே. விடு."

விடு என்றாளே தவிர அவளாலேயே விட முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க கடையில என்ன கறைன்னு கேட்காம கை வைக்க மாட்டோம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றாள்.

கேட்டிருக்கலாம். கேட்பதென்றால் வாயைத் திறக்க வேண்டுமே.

மார்ச் 21, வெள்ளி

இன்றும் வேலை. மச்சம், பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழ்க் கருவளையம். எல்லாவற்றையும் எடுத்தேன். எல்லாரும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்கள்.

மார்ச் 27, வியாழன்

மருந்துக் கடை வரிசையில் அக்கா எனக்கு முன்னால் நின்றார். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் திரும்பிவிட்டார்.

"போனேன்மா" என்றார், நான் கேட்டதுபோல. "அடிச்சதுக்கு அடையாளம் எங்கேன்னாங்க. வேற என்ன காட்டறது? உன் படத்தைத்தான் காட்டினேன். 'நல்லாத்தானே இருக்கீங்க'ன்னு சிரிச்சாங்க."

அவரும் கொஞ்சம் சிரித்தார்.

"இனிமே போக மாட்டேன். போனது தெரிஞ்சாலே..." என்று நிறுத்திவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டார். "நீ மனசுல வச்சுக்காதே. உனக்கென்ன தெரியும், பாவம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாய்க்குள் ஒரு 'மன்னிச்சுடுங்க' இருந்தது. வெளியே வரவில்லை. அவர் தெருமுனை திரும்பிய பிறகு வந்தது. வரிசையில் பின்னால் நின்றவர், "என்னம்மா?" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "விட்டுட்டு? பள்ளிக்கூடத்தை விட்டே. இதையும் விடு. அப்புறம் எதை விடுவே?" கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

அண்ணா வெளியில் ஒரு விழாவுக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். கதவு திறந்தது. ஸ்கார்ஃப் அக்கா. கூட ஓர் ஆள்.

நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. "ரெண்டு பேருமா ஒரு போட்டோம்மா. எங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க, மருமகளை ஏன் கண்ணுலயே காட்ட மாட்டேங்கறேன்னு." அக்காவின் பக்கம் திரும்பி, "கழுத்துல என்ன துணி, பனியா கொட்டுது? எடு" என்றார். அக்கா எடுத்தார்.

காதுக்குக் கீழே. இந்த முறை புதிது, கருநீலம்.

அக்கா என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நானும் காட்டவில்லை. இருவரையும் ஸ்டூலில் உட்கார வைத்தேன். "சிரியேன், காசு குடுத்துத்தானே எடுக்கறோம்" என்றார் அந்த ஆள். அக்கா சிரித்தார். எடுத்தேன்.

அந்த ஆள் தடுப்பைத் தாண்டி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் விரல் வைத்துக் காட்டினார். "இந்த இடத்துல கறுப்பா இருக்கு பாரு. எடுத்துடு. அலமாரிக் கதவுல இடிச்சுக்கிட்டா, குனிஞ்சா நிமிரத் தெரியாது இவளுக்கு." அவர் மூச்சு என் தலைமேல் பட்டது.

முதலில் படத்தை வேறு பெயரில் இன்னொரு இடத்தில் போட்டேன்.

"அது எதுக்கு இன்னொண்ணு?"

அக்கா ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, செருப்புக்குள் கால் விரல்கள் மடங்கியது மட்டும் தெரிந்தது.

"பிரிண்ட்ல நிறம் மாறிப் போச்சுன்னா மறுபடி போடணும் சார். எல்லாருக்குமே அப்படித்தான் வைப்போம்."

என் குரல்தான். ஒரு வாடிக்கையாளரிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. அதுவும் பொய்.

"ஓ" என்றார்.

பிறகு சுத்தம் செய்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்துத் தோலை எடுத்து, மேலே வைத்து, ஓரத்தைக் கரைத்து. கை பழகிவிட்டது, சீக்கிரம் முடிந்தது. "கெட்டிக்காரிம்மா நீ. பாரு, ஒண்ணுமே தெரியலை" என்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா எட்டிப் பார்த்து, "ஆமா, நல்லா இருக்கு" என்றார்.

படத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அந்த வீட்டுக்குத்தானே போகிறார். நான் என்ன செய்தாலும் இன்றைக்கு அங்கேதானே போவார்.

தொடாத படத்தைத் திறந்தேன். அச்சடித்தேன். காய்ந்ததும் திருப்பி, பின்னால் இன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதினேன். அதற்குக் கீழே, படம் எடுத்தது யார் என்று என் முழுப் பெயரை எழுதினேன்.