அருவிக்குள் சொன்ன பெயர்

மதினி,

இன்று காலை தென்காசிப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் பெட்டிக்கு அரக்கு உருக்கி முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. போன தேர்தலில் நீங்கள் ஓட்டுப் போட வந்து நின்றதும் இதே அறையில்தான். நீங்கள் காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகிறது. என் கோபம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

அன்று நம் தெரு முழுவதற்கும் உங்கள் ஒருவருக்குத்தான் ஓட்டு. அண்ணன் இறந்தபின் பட்டா உங்கள் பெயருக்கு மாறி, நீங்கள் நிலத்தீர்வை கட்டியதால் வந்தது. உழுகிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் வெள்ளைக்காரச் சர்க்கார் ஓட்டுக் கொடுக்கவில்லை. அதனால் தெருவே உங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து, யாருக்குப் போடலாம் என்று பேசியது. பேச்செல்லாம் உடைந்து கிடந்த வாய்க்கால் மடையைப் பற்றித்தான். மடை கட்டுவது ஊர்க்காரன் வேலை, சர்க்கார் அதில் தலையிடக் கூடாது என்றார் தேர்தலில் நின்ற பண்ணையார். தலையிட்டால் தண்ணீர் முதலில் அவர் வயலுக்குப் பாய்வது நின்றுவிடுமே! எதிர்த்து நின்ற வக்கீலோ, சர்க்கார்தான் கட்டித்தர வேண்டும் என்றார்.

நீங்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "தீர்வை வாங்க மட்டும் சர்க்கார் வருதுல்லா? அப்போ மடையும் அதுதான் கெட்டணும். துரைமாரு குத்தாலத்துல குளிக்கப் போவ ரோடு போடத் தெரியுது, அங்கன இருந்து வார தண்ணிக்கு ஒரு மடை கெட்டத் தெரியலையாக்கும்?"

இன்றுவரை என் அரசியல் அவ்வளவுதான், மதினி. அதன்பிறகு எத்தனையோ பேர் மேடை போட்டுப் பேசிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

ஓட்டுப் போடும் அன்று துணைக்கு நானும் வந்தேன். அதிகாரி பட்டியலைப் பார்த்து, "புருஷன் பேரு என்னம்மா?" என்றார். பட்டியலில் உங்களை 'இன்னார் மனைவி' என்றுதானே எழுதியிருந்தார்கள்? ஆள் நீங்கள்தானா என்று சரிபார்க்கவாம். கட்டியவன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். செத்தவருக்கு ஏது ஆயுசு? ஆனாலும் உங்களுக்கு நாக்கு எழவில்லை. "ஏட்டி, உங்க அண்ணன் பேரச் சொல்லு" என்று என்னைப் பார்த்தீர்கள். சொன்னேன். "அவங்கதாம்மா சொல்லணும்" என்றார் அதிகாரி.

பண்ணையாரின் ஏஜெண்டு சிரித்தான். "புருசன் பேரே தெரியாதவளுக்கு ஓட்டு என்னத்துக்கு?" வருஷா வருஷம் உங்கள் களத்தில் வந்து நெல் அளந்து வாங்கிப் போனவன் அவன்! பக்கத்திலேயே நம் ஊர்க் கணக்கப்பிள்ளை. அண்ணன் பெயரை அடித்து உங்கள் பெயருக்குப் பட்டாவை எழுதினவரே அவர்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த மனுஷன் வெற்றிலையை மென்றுகொண்டு சுவரைப் பார்த்தார்.

நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓட்டுப் போடாமலே வெளியே வந்துவிட்டீர்கள். "சொல்லித் தொலைச்சா என்ன மதினி?" என்று வண்டியில் உங்களிடமே கத்தினேன். பண்ணையார் ஜெயித்தார். மடை அப்படியே கிடந்தது.

அந்த ஆடியில் சாரல் நன்றாக விழுந்தது. என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனீர்கள். அருவிக்குள் தலையைக் கொடுத்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க ஏதோ கத்தினீர்கள். தண்ணீர் இரைச்சலில் எனக்கு உங்கள் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. வெளியே வந்து முடியைப் பிழிந்துகொண்டே கேட்டீர்கள்.

"கேட்டுச்சாட்டி?"

"என்னது மதினி?"

"உங்க அண்ணன் பேரு. கேக்காதுன்னுதான் இங்கன வந்து சொன்னேன்." சிரித்தீர்கள். பிறகு முகம் மாறிவிட்டது. "அவுக எம் பேரச் சொல்லி நாளு பூரா கூப்பிட்டாவ. என் ஆயுசு கொறையுமேன்னு ஒருத்தனாவது சொன்னானாட்டி?"

மடைத் தண்ணீர் வராமல் அடுத்தடுத்துப் பயிர் கருகி, கடைசியில் வயலைப் பண்ணையாருக்கே விற்றீர்கள். வயலோடு ஓட்டும் போயிற்று.

இன்று எனக்கு ஓட்டு. என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போய் வந்தவராம், அதனால் அவர் மனைவிக்கும் உண்டாம். அதற்கும் ஒரு புருஷன் வேண்டியிருக்கிறது இந்தச் சர்க்காருக்கு! அதிகாரி புதியவர், கேள்வி பழையது. "சுடலைமுத்து!" என்றேன். வெளியே நின்ற அவரே திரும்பிப் பார்த்தார்.

கணக்கப்பிள்ளை அங்கேதான் இருந்தார், பல்லெல்லாம் போய். "என்ன பொம்பள நீ, கூச்சமில்லாம சொல்லுதியே?" என்றார்.

"இன்னும் ரெண்டு பேரு இருக்கு, கேளுங்க" என்று அண்ணன் பெயரைச் சொன்னேன். பிறகு உங்கள் பெயரைச் சொன்னேன். அதிகாரி தாளைப் புரட்டிவிட்டு, "அந்தப் பேரு இதுல இல்லையேம்மா" என்றார்.

"போன தடவ இருந்துச்சு சார். இந்தா இருக்காரே, இவரக் கேளுங்க."

கணக்கப்பிள்ளை மறுபடியும் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் அப்படி என்னதான் இருக்கிறதோ!

ஓட்டைப் போட்டுவிட்டு மடைப்பக்கமாகத்தான் வந்தேன். இன்னும் உடைந்துதான் கிடக்கிறது. பண்ணையார் வயலில் ஆட்கள் நின்றார்கள். அங்கே அருவி இரைச்சல் ஒன்றும் இல்லை, மதினி. உங்கள் பெயரையும் அண்ணன் பெயரையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே நடந்தேன்.