உன் பேரில் போன உரம்

எதிலும் என்னை முந்திக்கொள்ளும் என் ஆசை அக்காவுக்கு,

சாவதிலும் முந்திக்கொண்டாய். அதற்கு உன்னிடம் தனியாகச் சண்டை போட வேண்டும். இன்றைக்கு வேறு வழக்கு.

முதலில் ஊர்ச் செய்தி. நீ போன மறுநாள் ஸ்ரீவைகுண்டம் பஸ் ஸ்டாண்டு எதிரில் உனக்குப் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். என் மகள் கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள். உன் தோளோரம் என் பட்டுச்சேலையின் சரிகை மட்டும் தெரிந்தது. பெண்ணைப் பெற்றவள் நான், படத்தில் மகாராணி மாதிரி நீ. அழுதுகொண்டு நின்றபோதும் அது என் கண்ணில் படத்தான் செய்தது. நான் அப்படித்தான், உனக்குத் தெரியாததா?

உன் கோழிப்பண்ணையை இப்போது நான்தான் பார்க்கிறேன். தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஆபீஸில் ஏசியில் உட்கார்ந்திருந்தவளை உன் வீட்டுக்காரர், அத்தான்தான் கெஞ்சிக் கூட்டி வந்தார். அவரால் துறைமுக வேலையை விட முடியாது, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். முட்டை வியாபாரம் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. கோழி எச்சம்தான் அழவைத்தது.

நீ அந்த எச்சத்தை உரமாக மாற்றி ஊர் முழுக்கப் பேர் வாங்கியிருந்தாய். வாழைச் சருகும் நறுக்கிய வைக்கோலும் கலந்து, ஈரம் பார்த்து, சூடேறச் சூடேறக் கிளறி, தார்ப்பாய் போட்டு மூடி மக்கவைப்பாய். எத்தனை டீக்கடையில், எத்தனை வரப்பில் நின்று பேசியிருப்பாய்! "பச்சை எருவை அப்படியே வயல்ல கொட்டினா அம்புட்டையும் நெல்லா திங்கும்? பாதி மழையோட குளத்துக்குப் போவுது. குளம் பச்சையாகி மீன் சாவுது. மிச்சம் ஆத்தோட கடலுக்குப் போவுது. மக்க வச்சுப் போடுங்க அண்ணாச்சி." நீ சொன்னால் கேட்டார்கள். அதையே நான் சொன்னால் கொட்டாவி விட்டார்கள். இத்தனைக்கும் போனில் அம்மாவே ஏமாந்துபோகிற ஒரே குரல் நமக்கு. உன்னிடம் அப்படி என்னதான் இருந்தது?

நீ விட்டுப்போன குவியல் கார் பருவ நெல் சாகுபடியோடு தீர்ந்துவிட்டது. அடுத்ததை நான் போட்டேன். உன்னைவிட ஒரு படி மேலே நின்று காட்ட வேண்டாமா? சத்து கூடட்டும் என்று எச்சத்தை அதிகமாகவும் சருகைக் குறைவாகவும் போட்டேன். குவியல் நாறியது. பக்கத்தில் போனால் கண் எரிந்தது. போதாக்குறைக்கு ஒரு திடீர் மழையில் தார்ப்பாய் பறந்து, சாறெல்லாம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. குளத்தோரம் பச்சைப் பசேலென்று பாசி. நீ தொண்டை வற்றப் பேசியதெல்லாம் அந்தக் குளத்துக்காகத்தான்.

"சந்திரா இருந்தா இப்படி ஆகுமா?" ஊரெல்லாம் இதே பேச்சு.

உன் உரத்தை முதலில் வாங்கிப் போட்ட சுடலை அண்ணாச்சிகூட வந்து நின்றார். அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம்தானே வயல் வைத்திருக்கிற மற்ற சம்சாரிகளும். "ஏளா செல்வி, நீ கப்பலுக்கே போயிரு. இது உனக்குத் தோதுப்படாது. பிசான நடவுக்குப் பச்சை எரு லாரிக்குச் சொல்லியாச்சு," என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை அப்படியே உன் பக்குவத்தில். உன் மேல் உள்ள பாசத்தில் என்று நினைத்துவிடாதே, வீம்புதான். சருகை அள்ளி அள்ளிப் போட்டேன். கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்தேன். தார்ப்பாயைச் சுற்றிலும் கல் வைத்தேன். ஆள் வராத நாளில் நானே மண்வெட்டி எடுத்தேன். நீ கேலி செய்வாயே, அந்த நகப்பாலிஷ் எல்லாம் போயே போயிற்று. வாடை மெல்லமெல்லக் குறைந்தது. ஒரு காலையில் தார்ப்பாயைத் தூக்கினால் கோழி வாடையே இல்லை, நல்ல மண் வாசனை.

அண்ணாச்சியை வரச்சொன்னேன். வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார். நீ எல்லோருக்கும் பழக்கிவிட்டபடி ஒரு கை அள்ளி, இறுக்கிப் பிடித்து, மூக்குக்கு நேரே வைத்து இழுத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது சந்திரா போட்டதுலா!" என்றார். "கடைசிக் குவியலை இம்புட்டு நாளா ஒளிச்சா வச்சிருந்த? முன்னமே சொல்லியிருந்தா லாரிக்குச் சொல்லியிருக்க மாட்டம்லா."

நான் வாயைத் திறந்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எரு லாரி குளத்தங்கரையில் வந்து நின்றிருந்தது. நான் போட்டது என்று சொன்னால் கையை உதறிவிட்டுப் போய்விடுவார். லாரி வயலில் கொட்டும், மழை அத்தனையையும் குளத்தில் சேர்க்கும். திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

அண்ணாச்சி சொன்னதுதான் தாமதம், சாயங்காலத்துக்குள் குவியலில் பெரும்பகுதி மூட்டை மூட்டையாகப் போய்விட்டது. லாரி வந்த வழியே திரும்பியது. "சந்திரா உரம், சந்திரா உரம்" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு தூக்கிப் போனார்கள். நான் வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றேன். செத்த பிறகும் என் உழைப்பில் நீ பேர் வாங்குகிறாய். இது எந்த ஊர் நியாயம்?

ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் சிரித்துவிட்டார். "சந்தோஷப்படுதியா, வயித்தெரிச்சப்படுதியா?"

"ரெண்டும்தான்."

"அப்ப மழைதான் விட்டு வெறிச்சிட்டே, போய்ச் சொல்லிர வேண்டியதுதான?"

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். மழை நன்றாகவே பெய்தது. குளத்தில் பாசி இல்லை. இனி நான் சொன்னால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் சொன்ன நிமிஷத்தில் நீ போட்ட உரம் தீர்ந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இப்போதும் தினம் யாராவது வாசலில் நின்று, "சந்திரா உரம் இன்னும் கிடக்கா?" என்று கேட்கிறார்கள். நீ உள்ளே கொட்டகையில் நிற்பது மாதிரியே கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் ஒரு நாள் யாரும் கேட்காவிட்டால் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை என்னவென்று சொல்ல?

பிசான அறுப்பு வரைக்கும் உன் பேரிலேயே இருக்கட்டும். களத்தில் நெல் குவிந்த அன்று அண்ணாச்சி வாய் நிறைய உன்னைப் புகழுவார். அப்போது அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிடுவேன், சத்தியமாக: "அது நான் போட்டது அண்ணாச்சி. எங்கக்கா செத்துப்போயிட்டா."

உன்னைப் பார்த்து வயிறெரிந்தே வளர்ந்த,
உன் கூடப்பிறந்தவள்
செல்வி