உள்ள நிறம் காட்டும் திரை

ஜூன் 9

காலையிலிருந்தே தூறல். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஸ்டுடியோவில் ஒரு கல்யாண ஆல்பம் முடிக்க வேண்டியிருந்தது. பெண் நல்ல கறுப்பு. மஞ்சள் பூசிய கன்னத்தில் வெயில் விழுந்து, அப்படி ஒரு மினுமினுப்பு. படத்தைத் திருத்த வேண்டியதே இல்லை.

முதலாளி ஜோமோன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "சேச்சி, பெண்ணை இன்னும் வெளுப்பிக்கணும்."

"முகம் ஒரு நிறம், கை ஒரு நிறமா ஆயிடுமுங்க."

"அப்போ கையும் வெளுப்பிச்சோ."

சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 11

சொல்லிவிட்டேன். முடியாதுங்க என்று.

ஜோமோன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார். "சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டுல உட்கார்ந்து இஷ்டம்போலச் செய்தோ சேச்சி. இது என்டெ கடை."

அவர் கெட்டவர் இல்லை. வருகிறவர்கள் கேட்கிறார்கள், கொடுக்கிறார். ஆனால் அந்தப் பெண் நாளைக்கு ஆல்பத்தைத் திறந்தால் அதில் வேறு யாரோ அல்லவா தாலி கட்டிக்கொண்டு நிற்பாள்? அவள் கல்யாணத்தில் அவளே இல்லையா?

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன். வாங்கறேன். வாங்கித்தான் காட்டறேன்.

ஜூன் 12

வீட்டுக்காரரிடம் சொன்னேன். தேங்காய் லோடு இறக்கிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கேமரா உன்றதுதான?"

"ஆமாங்க."

"அப்பறென்ன. கம்ப்யூட்டருந்தான வேணும்? ஒரு லேப்டாப் வாங்கிக்க."

லேப்டாப் வேண்டாம் என்றேன். அந்தச் சின்னத் திரையில் ஒரு கல்யாணத்தின் படங்கள் முழுவதையும் திறந்தால் சூடேறித் திணறும். நாளைக்கு ஒரு பாகம் போனால் மொத்தமாகத் தூக்கிப்போட வேண்டும். பாகம் பாகமாக வாங்கி நானே ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டப்போகிறேன் என்றேன். தங்கதுரை என்கிற என் வீட்டுக்காரர் துண்டில் கையைத் துடைத்தபடி கேட்டார்.

"பூட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க. தெரிஞ்சுக்கறேன்."

ஜூன் 20

மலையாளத்தில் ஒருத்தர், தமிழில் ரெண்டு பேர், இந்தியில் ஒரு பொண்ணு - யூடியூப்பில் இவர்கள்தான் இப்போது எனக்கு வாத்தியார்கள். இந்திக்காரி பேசுவது பாதி புரியவில்லை, ஆனால் அவள் கையைப் பார்த்தால் புரிகிறது.

எல்லோரும் கிராபிக்ஸ் கார்டு, கிராபிக்ஸ் கார்டு என்று குதிக்கிறார்கள். அது விளையாடுகிறவர்களுக்கு. போட்டோவுக்கு நடுத்தரமானது ஒன்று போதும். எனக்கு வேண்டியது நல்ல ப்ராசசர். பெரிய படங்களைத் திறந்து வைக்கத் தாராளமாக ராம். படம் உடனே வந்து நிற்க வேகமான எஸ்எஸ்டி. எடுத்ததை எல்லாம் சேர்த்துவைக்கத் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க். இந்த ஊர்க் கரண்டுக்கு யுபிஎஸ் இல்லாமல் ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலே மானிட்டர். மற்றதில் எதையாவது குறைக்கலாம். இதில் மட்டும் மாட்டேன். திரை பொய் சொன்னால் நானும் பொய்தான் சொல்வேன்.

ஜூலை 2

அண்ணன் மோகனசுந்தரம் வந்திருந்தது. மகள் ஜீவிதாவுக்கு ஆவணியில் கல்யாணம். வந்ததும் வராததுமாக, "வேலைய உட்டுப்போட்டயாமா? ஊரே பேசுது" என்றது.

"பேசட்டுங்ண்ணா."

"ஒரு கலர ஏத்தி எறக்கறதுக்கா இத்தன ரோசம்?"

காப்பி மட்டும் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். மறந்தேனா?

ஜூலை 6

கோயமுத்தூர் போனோம். வீட்டுக்காரர் லோடு வண்டியை எடுத்துக்கொண்டார்.

கடைக்காரர் என் முகத்தையே பார்க்கவில்லை. கேட்டது நான், பதில் வீட்டுக்காரருக்கு. "சார், கேமிங்குங்களா? பையனுக்கா?"

"எனக்கில்லீங்க. அவங்களுக்கு. அவங்களையே கேளுங்க" என்றார் இவர். சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கேபினெட்டிலிருந்து சண்டை ஆரம்பம். கலர் கலராக லைட் எரிகிற பெட்டியைக் காட்டினார். வேண்டாம் என்றேன். "இப்பல்லாம் இதுதாங்க மேடம் ஓடுது." ஓடட்டும். சிவப்பும் நீலமுமாகப் பக்கத்தில் மின்னினால் திரையில் இருக்கிற நிறத்தை எப்படிப் பார்ப்பது? கறுப்புப் பெட்டி, காற்று நன்றாகப் போகிற மாதிரி ஒன்று எடுத்தேன். பவர் சப்ளை பெயரில்லாத கம்பெனியில் ஒன்று தள்ளப் பார்த்தார். அதையும் மாற்ற வைத்தேன்.

மானிட்டருக்கு வந்தபோது அவருக்கே அலுத்துவிட்டது. "போட்டோ பாக்கறதுக்கு இது போதுங்க மேடம், எல்லாம் ஒண்ணுதான்."

பென்டிரைவைக் கொடுத்தேன். அதில் என் இடது கை இருக்கிறது. வீட்டு வாசலில் காலை வெளிச்சத்தில் எடுத்தது. அவர் காட்டியது, நான் கேட்டிருந்தது, ரெண்டு மானிட்டரிலும் அதைத் திறக்கச் சொன்னேன். கடைக்குள் விளக்கு நீலம் பாரித்ததாக இருந்ததால் கதவோரம் நகர்த்தச் சொன்னேன். முனகிக்கொண்டே நகர்த்தினார். ரெண்டு திரைக்கும் பக்கத்தில் என் கையை நீட்டினேன்.

அவர் காட்டியதில் என் கை சாம்பல் பூசினதுபோல இருந்தது. மற்றதில் - கை அப்படியே கை. நரம்பு, தழும்பு, வளையல் பட்டுத் தேய்ந்த இடம் எல்லாம்.

கடைக்காரர் உள்ளே போய் அந்த மானிட்டரிலேயே புதுசு ஒன்று எடுத்துவந்தார். அதற்குப் பிறகு எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் கேட்டார்.

"நாங்களே பூட்டித் தர்றமுங்க" என்றார் கடைசியாக.

வேண்டாமுங்க.

ஜூலை 8

பூட்டினேன். விசிறி சுற்றுகிறது. திரை வரவில்லை.

ஜூலை 9

வரவில்லை. கடைக்குப் போன் செய்தேன், தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறார். தூக்கிக்கொண்டு போய் நின்றால் அந்த மூஞ்சியில் ஒரு சிரிப்பு வருமே, அதைப் பார்க்கவா? மாட்டேன்.

ராமைக் கழற்றி மறுபடியும் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். இல்லை. கேபிளை மாற்றினேன். இல்லை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கரண்டு எல்லாத்துக்கும் போகுதா?" என்றார். எரிந்து விழுந்தேன். போகாமயா விசிறி சுத்துது?

பாவம், தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

ஜூலை 10

ப்ராசசருக்கென்று மதர்போர்டின் மேல் மூலையில் தனியாக ஒரு ஒயர் சொருக வேண்டும். சொருகவே இல்லை. அந்த ஒயர் பெட்டிக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது.

சொருகினேன். வந்துவிட்டது. திரை வந்துவிட்டது!

தோட்டத்துக்கு ஓடிப்போய், "நீங்க சொன்னதுதானுங்க, கரண்டுதான்" என்றேன். "நான் சும்மாதான் கேட்டேன்" என்று சிரித்தார்.

ஜூலை 27

சின்னச் சின்ன வேலைகள் வருகின்றன. ஒரு சீர், ஒரு காது குத்து. படத்தைப் பார்த்துவிட்டு "கொஞ்சம் டல்லா இருக்குதே" என்கிறார்கள். திரைக்கு அருகில் உட்காரவைத்து, நிறத்தை ஒப்பிட்டுக் காட்டுகிறேன். சிலருக்குப் பிடிக்கிறது. ஒருத்தர் பாதியில் எழுந்து போய்விட்டார். போகட்டும்.

ஆகஸ்ட் 10

ஜீவிதா வந்தாள். மண்டப வாசலில் வைக்கிற பேனருக்கு அவளை நான்தான் எடுக்க வேண்டுமாம். கிணற்று மேட்டில் சாயங்கால வெயிலில் எடுத்தேன். அவள் என் நிறம், எங்கள் அப்பா நிறம். திரையில் பார்த்ததும், "அத்த, நான் இப்பிடியா இருக்கறேன்?" என்றாள்.

"ஏங்கண்ணு, புடிக்கலையா?"

"இல்லீங்க அத்த. நல்லா இருக்கறேன்" என்றாள், ஏதோ புதுச் செய்தி கேட்டவள் மாதிரி.

ஆகஸ்ட் 15

அண்ணனுக்கு மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து போன். முத்தாத்தாள் என்று பெயர், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம். பேனர் படத்தைப் பார்த்தார்களாம். பொண்ணு கறுப்பாக இருக்கிறது, வெளுக்க வையுங்கள் என்றார்களாம். போனிலேயே யாரையோ விட்டு வெளுத்து, மாதிரிக்கு ஒன்று அனுப்பியும் இருக்கிறார்கள். அதில் ஜீவிதா சுண்ணாம்பு அடித்த சுவர்.

"மாத்திக் குடுத்துரு அம்மணி. கல்யாணத்துல கொழப்பம் வேண்டாம்" என்றது அண்ணன். கெஞ்சுகிற மாதிரி.

"மாட்டனுங்ண்ணா."

"நீ செய்யலீன்னா வேற ஆளு செய்வான்."

செய்யட்டும். என் கையால் நடக்காது. நிச்சயதார்த்தத்தில் அந்தம்மாவைப் பார்த்திருக்கிறேனே, என்னைவிடக் கறுப்பு. எப்படி மனசு வருது? பெத்த மகன்கூட அதே நெறந்தான? அவனுக்கு மட்டும் அப்படியே இருக்கலாமாக்கும்?

அண்ணன் கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனது. தப்பு செய்கிறேனா? பிள்ளையின் கல்யாணம் அல்லவா. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஆகஸ்ட் 16

ஜீவிதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். பேனரில் வருவது அவள் முகம். முடிவும் அவளுடையதுதான். வெளுக்கச் சொன்னால் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும், கோபமில்லை என்றேன்.

அவள் அப்போதே மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். என் எதிரிலேயே. "ஏனுங்க, உங்களுக்கு நான் என்ன நெறம்னு தெரியுமுங்கல்ல? பேனர்ல நிக்கறது நானா, இல்ல வேற ஆளான்னு நீங்களே சொல்லுங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ. இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அத்த, இதையே பிரிண்டுக்கு அனுப்புங்க" என்றாள்.

அனுப்பிவிட்டேன். என்ன வந்தாலும் வரட்டும்.

ஆகஸ்ட் 29

கல்யாணம் முடிந்தது. சாயங்காலம் வீடு வந்து எழுதுகிறேன்.

மண்டப வாசலில் பேனர் ஆளுயரத்துக்கு நின்றது. அண்ணன் விடியக்காலையில் இருந்தே அந்தப் பக்கம் போகவில்லை. வந்தவர்களில் ரெண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள், என் காதிலும் விழுந்தது. ஜீவிதாவின் சினேகிதிகள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடியதில் எனக்கும் நின்று பார்க்க நேரமில்லை.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது வெளியே வந்தேன். முத்தாத்தாள் அம்மா மட்டும் தனியாகப் பேனர் எதிரில் நின்றிருந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். நானும் தயாராகத்தான் போனேன்.

"நீங்கதான எடுத்தது?"

"நான்தானுங்க."

பேனரைப் பார்த்தபடியே இருந்தார். "என்ற கல்யாணப் போட்டோ ஒண்ணு ஊட்ல மாட்டியிருக்குதுங்க. ரோசாப்பூ நெறத்துல பெயிண்டு அடிச்ச மாதிரி. என்ற பையன் சின்னதுல, அப்பா பக்கத்துல நிக்கறது யாரும்மான்னு கேட்டுப்போட்டான்."

தோளில் கிடந்த கேமராவைக் கையில் இறக்கினேன், அவர் அதைப் பார்த்தார்.

"எனக்கொண்ணு எடுத்துத் தர்றீங்களா?"

மண்டபத்துக்குப் பின்னால் பாக்கு மரங்களுக்கு இடையே வெளிச்சம் இதமாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். உட்கார்ந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டார். நான் கேமராவைக் கண்ணில் வைத்ததும், "இருங்க அம்மணி" என்று கையைக் காட்டினார்.

முந்தானையை எடுத்து, நெற்றியிலும் கன்னத்திலும் இருந்த பவுடரை அழுத்தித் துடைத்தார். கழுத்துவரை துடைத்தார்.

"ம். இப்ப எடுங்க."